பெட்ரோல் பில்லுக்கு வரிக்கழிவு உண்டா? ஆம்பூர் ரோட்டில் ஓடும் இரண்டு கார்களின் கணக்கு

கேள்வி: சார், நான் காட்பாடியில் இருக்கிறேன். தோல் தொழில்நுட்பத்தில் டிப்ளமா படித்துவிட்டு ஷூ கம்பெனியில் பல வருடம் வேலை பார்த்தேன். இப்போது யாரிடமும் ஊழியன் இல்லை. வெளிநாட்டு கம்பெனிகளுக்காகச் சரக்கு வாங்கித் தரும், சென்னையில் இருக்கும் இரண்டு பையிங் ஆபீசுகளுக்காக ஒப்பந்த முறையில் ஷூ, தோல் சரக்கின் தரம் பார்த்து ரிப்போர்ட் கொடுக்கிறேன். ராணிப்பேட்டை சிப்காட், மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று எல்லாம் கார் ஓட்டம்தான். 2025-26இல் ஃபீஸ் 18 லட்சம் வந்தது. அதில் 10 சதவீதம் டிடிஎஸ் பிடித்துவிட்டார்கள். கார் மனைவி பெயரில் இருக்கிறது. நியூஜெர்சியில் இருக்கும் மச்சான், "இங்கே வேலைக்காக ஓட்டின ஒவ்வொரு மைலுக்கும் 70 சென்ட் கழிச்சுக்கலாம், நீ பெட்ரோல் பில்லைக்கூட எடுத்து வைக்கிறதில்லையா?" என்று கேட்கிறான். ஆம்பூரில் தோல் கெமிக்கல் கமிஷன் ஏஜென்டாக இருக்கும் என் நண்பருக்கு அவருடைய ஆடிட்டர் பெட்ரோல், இன்ஷூரன்ஸ், லோன் வட்டி எல்லாவற்றையும் செலவில் காட்டுகிறார். என் ஆடிட்டரோ "உங்களுக்கு பில்லே வேண்டாம்" என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: மூன்று பேர் சொல்வதும் சரிதான். மச்சானுடைய கணக்கு அமெரிக்காவுக்குச் சரி. அங்கே சொந்தமாகத் தொழில் செய்கிறவருக்கு வருமான வரித் துறையே ஒரு மைல் கட்டணத்தை அறிவிக்கிறது. 2025க்கு அது 70 சென்ட். அதை எடுத்துக்கொண்டால் பெட்ரோலையும், கார் பழசாகி மதிப்புக் குறைவதற்கான தேய்மானத்தையும் தனியாகக் கழிக்க முடியாது. நம் வருமான வரிச் சட்டத்தில் உங்களைப் போன்றவருக்கு கிலோமீட்டருக்கு இவ்வளவு என்று ஒரு கட்டணம் கிடையாது. யூடியூபில் "கி.மீ.க்கு இத்தனை ரூபாய் கழிக்கலாம்" என்று யாராவது சொன்னால், அது பெரும்பாலும் கம்பெனிகள் தங்கள் ஆட்களுக்குக் கொடுக்கும் பயணப்படி விகிதமாக இருக்கும். அதைக் கொண்டுபோய் ரிட்டர்னில் போட முடியாது.

இனி உங்கள் கணக்கு. நீங்கள் செய்வது தொழில்நுட்ப ஆலோசனை. டிப்ளமா இருக்கிறது, சரக்கைப் பார்த்துத் தொழில்நுட்பக் கருத்து எழுதிக் கொடுக்கிறீர்கள், டிடிஎஸ்ஸும் 10 சதவீதம் பிடித்திருக்கிறார்கள். உங்கள் பெயரில் பிடித்த வரியைக் காட்டும் 26ஏஎஸ் அறிக்கையில் அது, தொழில்முறை, தொழில்நுட்பக் கட்டணங்களுக்கான 194ஜே பிரிவில் இருக்கிறதா என்று மட்டும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். உங்கள் ஒப்பந்தத்தின் வாசகத்தை ஆடிட்டர் படித்திருப்பார், அதனால்தான் 44ஏடிஏ பிரிவில் உங்களைப் போட்டிருக்கிறார். அந்தப் பிரிவில், 50 லட்சத்துக்கு உட்பட்ட வரவு உள்ள இத்தகைய தொழில்முறையாளர் வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும். மீதிப் பாதி செலவு என்று சட்டமே ஏற்றுக்கொள்கிறது. பெட்ரோல், டயர், டோல்கேட், போன் பில், தேய்மானம் எல்லாம் அந்தப் பாதிக்குள் அடக்கம். அதற்கு மேல் ஒரு லிட்டர் பெட்ரோலைக்கூடத் தனியாகக் கழிக்க முடியாது. பில் வேண்டாம் என்று அவர் சொன்னதற்குக் காரணம் இதுதான்.

உங்கள் 18 லட்சத்தில் லாபம் 9 லட்சம். வேறு வருமானம் இல்லை, அல்லது வைப்புநிதி வட்டி கொஞ்சம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். புதிய வரி முறையில் 2025-26க்கு மொத்த வருமானம் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடியால் வரி பூஜ்யம். பிடித்த 1,80,000 ரூபாயும் உங்களுக்குத் திரும்பி வரும். இதையே நிஜச் செலவுக் கணக்கில் போட்டால் என்ன ஆகும்? கார், போன், தங்கல் எல்லாம் சேர்த்து உங்கள் செலவு 4 லட்சம் என்று தாராளமாகவே வைத்தாலும் வருமானம் 14 லட்சம் ஆகிவிடும். வரி 90,000, அதன் மேல் 4 சதவீத செஸ், ஆக 93,600. பெட்ரோல் பில்லைப் பத்திரமாக எடுத்து வைத்ததற்கு 93,600 ரூபாய் கட்டணம் கொடுத்த மாதிரி ஆகும்.

அதனால் கார் மனைவி பெயரில் இருப்பதும் இப்போதைக்கு உங்களைப் பாதிக்காது. நிஜச் செலவு முறையில்தான் அது சிக்கல். தேய்மானம் கேட்க வேண்டுமானால் வாகனம் உங்களுக்குச் சொந்தமாக இருக்க வேண்டும். கார் உங்கள் பெயருக்கு மாறினாலும் ஒன்றைக் கவனியுங்கள். 44ஏடிஏவில் இருக்கும் வருடங்களிலும் தேய்மானம் கொடுத்துவிட்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்ளும். பிறகு ஒரு வருடம் நிஜச் செலவுக்கு மாறினால், காரை வாங்கின விலையிலிருந்து கணக்கைத் தொடங்க முடியாது.

பாதிக்கு மேல் நிஜமாகவே செலவாகிறது, உதவிக்கு இரண்டு ஆட்களை வைத்துச் சம்பளம் கொடுக்கிறீர்கள் என்றால் பேச்சு வேறு. அப்போது 50 சதவீதத்துக்குக் கீழே லாபம் காட்டலாம். ஆனால் கணக்குப் புத்தகம் எழுத வேண்டும், மொத்த வருமானம் அடிப்படை விலக்கு வரம்பைத் தாண்டினால் வரித் தணிக்கையும் செய்ய வேண்டும். சிறு வியாபாரங்களுக்கான 44ஏடி பிரிவிலிருந்து ஒருமுறை விலகினால் ஐந்து வருடம் திரும்பி வர முடியாது; அந்தப் பூட்டு 44ஏடிஏவில் கிடையாது, மறுவருடமே திரும்பி வரலாம்.

44ஏடி என்றதும் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். "அதில் போட்டால் 6 சதவீதம்தான் லாபம், 18 லட்சத்துக்கு 1,08,000 காட்டினால் போதும்" என்று யாராவது வந்து சொல்வார்கள். கேட்காதீர்கள். தொழில்நுட்ப ஆலோசனை போன்ற தொழில்களை அந்தப் பிரிவு வெளிப்படையாகவே விலக்குகிறது. டிடிஎஸ் 194ஜேயில், ரிட்டர்ன் 44ஏடியில் என்றால் நோட்டீஸை நீங்களே கூப்பிட்டு உட்காரவைப்பதாகும்.

உங்களிடம் எனக்கு இருக்கும் கவலைகள் வேறு. முதலாவது ஜிஎஸ்டி. சேவைத் தொழிலில் வருட வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் பதிவு கட்டாயம். நீங்கள் 18இல் நிற்கிறீர்கள். பயணச் செலவை ஃபீஸோடு ஒரே பில்லில் சேர்த்து எழுதினால் அதுவும் உங்கள் வரவாகவே ஏறும், டிடிஎஸ்ஸும் அதன் மேல் பிடிப்பார்கள். பையிங் ஆபீஸ் டோலும் பெட்ரோலும் திருப்பித் தருவதாக இருந்தால் தனி வவுச்சரில், ஒரிஜினல் ரசீதோடு வாங்கிக்கொள்ளுங்கள். இரண்டாவது, வீட்டுக் கடன். சத்துவாச்சாரிப் பக்கம் மனை பார்க்கும் எண்ணம் இருந்தால், வங்கி பார்க்கப்போவது ரிட்டர்னில் உள்ள 9 லட்சத்தைத்தான், கையில் மிஞ்சிய 14 லட்சத்தை அல்ல. 50 சதவீதம் என்பது குறைந்தபட்சம்; கூடுதலாகக் காட்டத் தடை இல்லை. 12 லட்சம் வரை காட்டினாலும் வரி வராது என்னும்போது, கடன் வாங்கும் உத்தேசம் உள்ளவர் 9இலேயே நிற்பதில் எனக்கு அர்த்தம் தெரியவில்லை.

சரி, உங்கள் நண்பருக்கு வருவோம். பெட்ரோல் பில்லுக்கு உண்மையான மதிப்பு அவரிடம்தான் இருக்கிறது. கமிஷன், தரகு வருமானம் உள்ளவர் 44ஏடியிலும் நுழைய முடியாது. 44ஏடிஏ பட்டியலிலும் அவர் தொழில் இல்லை. நிஜ வரவு, நிஜ செலவு, ஐடிஆர்-3 ரிட்டர்ன் படிவம் என்பதுதான் அவருக்குள்ள ஒரே வழி. இது பழைய வரி முறையில்தான் கிடைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். தவறு. புதிய முறை பறித்தது 80சி போன்ற சேமிப்புக் கழிவுகளைத்தான். தொழிலுக்காகச் செய்த செலவும் வழக்கமான தேய்மானமும் அங்கேயும் உண்டு.

அவருடைய எண்கள் எனக்குத் தெரியாது, ஒரு மாதிரிக் கணக்குப் போடுகிறேன். கமிஷன் 16 லட்சம். கார் 2025 ஏப்ரலில் அவர் பெயரில் 8,50,000 ரூபாய்க்கு எடுத்தது. வருடத்தில் பெட்ரோல் 1,55,000, இன்ஷூரன்ஸ் 22,000, சர்வீஸும் டயரும் 33,000, கார் லோன் வட்டி 50,000. தேய்மானம் 15 சதவீதம், அதாவது 1,27,500. மொத்தம் 3,87,500. லோனில் அசல் கட்டியது செலவே அல்ல, வட்டி மட்டும்தான் செலவு. இஎம்ஐயை அப்படியே செலவில் எழுதி வரும் கணக்குகளை நான் வருடா வருடம் பார்க்கிறேன்.

இந்த 3,87,500 முழுவதையும் கழிக்க முடியாது. திருப்பதிக்குப் போனதும், பிள்ளைகளைப் பள்ளியில் விட்டதும், ஏலகிரி போனதும் அதே காரில்தான். வருடம் ஓடியது 24,000 கி.மீ., தொழிலுக்கு 18,000 என்றால் முக்கால் பங்கு, அதாவது 2,90,625 கழிவு. வருமானம் 16 லட்சத்திலிருந்து 13,09,375 ஆக இறங்குகிறது. கார் செலவு காட்டாவிட்டால் செஸ்ஸோடு வரி 1,24,800. காட்டினால் சுமார் 79,500. மிச்சம் 45,000க்கு மேல். ஆபீஸ் வாடகை, போன், சாம்பிள் அனுப்பிய கூரியர் எல்லாம் நேர்மையாகவே இன்னும் 1,10,000 வந்தால், வருமானம் 12 லட்சத்துக்குக் கீழே போய் வரியே இல்லாமல் போகும். இந்த 12 லட்சக் கோட்டுக்கு அருகில் இருப்பவர்களுக்குத்தான் முக்கால் பங்கைத் தொண்ணூறு சதவீதமாக்கும் ஆசை வருகிறது. அதிகாரி முதலில் கேட்பதும் அந்தச் சதவீதம் எப்படி வந்தது என்பதைத்தான்.

அதற்குப் பதில் ஒரு சின்ன நோட்டு. தேதி, எங்கே, யாரைப் பார்க்க, எத்தனை கி.மீ. அவ்வளவு போதும். ஏப்ரல் 1 அன்றும் மார்ச் 31 அன்றும் ஓடோமீட்டரை போட்டோ எடுத்து வையுங்கள். ஃபாஸ்டேக் அறிக்கை நல்ல சாட்சி: பள்ளிகொண்டா டோலை எந்த நாள், எத்தனை மணிக்குக் கடந்தீர்கள் என்று அதில் இருக்கும். 3,000 ரூபாய் கொடுத்து 200 முறை கடக்கும் வருடப் பாஸ் எடுத்திருந்தாலும் தொழில் பங்கை மட்டும் கழிக்கலாம். பங்க் ரசீது இரண்டு மாதத்தில் வெளுத்து வெள்ளைத் தாளாகிவிடும், ஆகவே யுபிஐயிலோ கார்டிலோ கட்டுவது நல்லது. ஒரே நாளில் ஒருவருக்கு 10,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்த செலவு ஏற்கப்படாது. பெட்ரோலில் அது வராது, நான்கு டயரையும் ஒன்றாக மாற்றும் நாளில் வரும்.

வீட்டிலிருந்து ஆபீசுக்குப் போவது? நண்பர் பேரணாம்பட்டில் குடியிருந்து, ஆம்பூரில் ஒரு அறை போட்டு ஆபீஸ் வைத்திருந்தால், அந்த தினசரி ஓட்டத்தை நான் தொழில் கணக்கில் சேர்க்க மாட்டேன். ஆபீசிலிருந்து டேனரிகளுக்குப் போனதைச் சேர்ப்பேன். சில ஆடிட்டர்கள் இதில் என்னைவிடத் தாராளம்.

புதிதாகக் கார் எடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு கொசுறு. வாங்கிய வருடத்தில் 180 நாளுக்குக் குறைவாக ஓட்டியிருந்தால் தேய்மானம் பாதிதான். 2025இல் ஆயுத பூஜை அக்டோபர் 1 அன்று வந்தது. அன்று எடுத்து ஓட்ட ஆரம்பித்தவருக்கு மார்ச் 31க்குள் 182 நாள், முழு 15 சதவீதம். தீபாவளி வரட்டும் என்று அக்டோபர் 20 வரை காத்திருந்தவருக்கு 7.5 சதவீதம்.

அப்புறம், காரின் பின்சீட்டில் எப்போதும் ஷூ சாம்பிள் கிடக்குமே, விபத்து நடந்தால் இன்ஷூரன்ஸ் மறுப்பார்களா என்ற பயம் உங்கள் தொழிலில் பலருக்கு உண்டு. தனியார் கார் பாலிசி வாடகைக்கு ஓட்டுவதையும் சரக்கு ஏற்றுவதையும்தான் தடுக்கிறது. சாம்பிளுக்கு அதிலேயே விலக்கு இருக்கிறது. ஏற்றுமதிக்குப் போகும் அட்டைப்பெட்டிகளை மட்டும் "வழிதானே" என்று ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

மேலே சொன்ன பிரிவு எண்கள் 1961 சட்டத்தின்படி. 2025-26 வருமானத்துக்கு அதுதான் பொருந்தும். 2026 ஏப்ரல் 1க்குப் பிறகு சம்பாதிப்பதற்கு 2025ஆம் வருடப் புதிய சட்டம், எண்கள் மாறிவிட்டன. இந்த வருடம் நீங்கள் ஐடிஆர்-4 போட்டு 1,80,000 ரீஃபண்டைக் கேளுங்கள். பான் எண்ணோடு இணைந்த வங்கிக் கணக்கை முன்கூட்டியே போர்ட்டலில் சரிபார்த்து வைத்தால் பணம் வருவதில் இழுபறி இருக்காது.