மிருதங்கம் இப்போதே வாங்க வேண்டுமா?

கேள்வி: மும்பை மாட்டுங்காவில் இருக்கிறோம். மகனுக்கு ஆறு வயது. டப்பா, தட்டு, எது கையில் கிடைத்தாலும் தாளம் போடுகிறான் என்று மிருதங்க வகுப்பில் சேர்த்திருக்கிறோம். கடையில் சின்ன மிருதங்கம் ஒன்று காட்டி, வார் பிடித்ததா (தோல் வாரால் இழுத்துக் கட்டியது), போல்ட் வைத்ததா என்கிறார்கள். கூடவே ஒரு கஞ்சிராவையும் (ஒரு கையில் பிடித்து மறு கையால் தட்டும் சின்னத் தோல் வாத்தியம்) நீட்டி, ‘அசல் உடும்புத் தோல்’ என்றார்கள். எதை வாங்கலாம்?

பதில்: முதல் மூன்று மாதத்துக்கு எதையும் வாங்காதீர்கள். ‘தகதிமி, தகஜுணு’ என்று வாயால் சொல்லிக் கையால் தாளம் போடப் பழகுவதுதான் ஆரம்பம். அதற்குக் காசு வேண்டாம். எங்கள் வீட்டில் அவசரப்பட்டு வாங்கிய மிருதங்கம் ஒன்று வருஷக்கணக்காகப் பரணில் கிடக்கிறது.

அப்புறமும் ஆசை குறையவில்லையா? சரி, வாத்தியாரைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போங்கள். சின்ன அளவில் இருப்பதெல்லாம் வாசிக்கிற வாத்தியம் இல்லை. சில வெறும் அலங்காரப் பொருள்கள். வலது பக்கத் தோலான வலந்தலையில் கறுப்பு பெயின்ட் அடித்திருப்பார்கள். நிஜக் கரணை, அதாவது நடுவில் இருக்கும் கறுப்பு வட்டம், கிட்டான் கல் பொடியைச் சோற்றோடு பிசைந்து, படலம் படலமாகத் தேய்த்துப் போடுவது. நல்ல வாத்தியமானாலும் வலந்தலையின் விளிம்பைச் சுற்றிலும் தட்டிப் பாருங்கள். எல்லா இடத்திலும் ஒரே சுருதி கேட்க வேண்டும். கட்டையில் விரிசல் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்ப்பதும் அவசியம்.

வாரா, போல்டா என்றால் என் ஓட்டு போல்டுக்கு. மும்பையின் ஜூன் மழை தொடங்கினாலே ஈரத்தில் தோல் தளர்ந்து சுருதி இறங்கும். வார் பிடித்ததை இறுக்குவது பழகிய கைக்குத்தான் வசப்படும். போல்டை ஸ்பேனரால் நீங்களே திருகிக்கொள்ளலாம். நாதம் வாரில்தான் என்பார்கள். ஆறு வயதுக்கு அந்த வாதம் எதற்கு? ஆனால் தூக்கிப் பார்த்து வாங்குங்கள், வகுப்புக்குச் சுமக்கப்போவது நீங்கள்தான்.

கஞ்சிராவைக் கையிலேயே எடுக்காதீர்கள். உடும்பு 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வரும் விலங்கு. அதன் தோலை விற்பதும் குற்றம், வாங்குவதும் குற்றம். ‘அசல்’ என்று கடைக்காரர் பெருமையாகச் சொன்னது விற்பனைப் பேச்சு இல்லை, வாக்குமூலம்! கஞ்சிராதான் வேண்டுமென்றால் ஆட்டுத்தோலிலோ செயற்கைத் தோலிலோ கிடைக்கிறது.

எதை வாங்கினாலும் பில் கேளுங்கள். தோல் கிழிந்தால் மாற்றித் தருவார்களா என்பதை அதிலேயே எழுதி வாங்குங்கள். பின்னால் தகராறு வந்தால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915 இருக்கிறது, கையில் பில் இருந்தால் பேச்சு சுலபம்.

இன்னொன்று. இடது பக்கத் தோலான இடந்தலையில் ரவையைப் பிசைந்து ஒட்டி வாசிப்பார்கள். வாசித்து முடித்ததும் அதைச் சுரண்டித் துடைத்துவிடுங்கள். இல்லையென்றால் இரவில் எறும்பும் எலியும் தாளம் போடும்.