வாசலில் மைனா, ஆற்றோரம் மீன்கொத்தி: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: அக்கா, எங்கள் தோட்டத்தில் மைனா, காக்கை, ஹடீடா (அரிவாள்மூக்கன்) தவிர வேறெதுவும் வருவதில்லை. உம்கேனி ஆற்று முகத்துவாரத்துக்குப் போனால் மட்டும் வகைவகையாகப் பறவைகள். ஏன்? மைனாவை நம் முன்னோர்தான் கப்பலில் கொண்டுவந்தார்கள் என்பார் தாத்தா, உண்மையா? (வாசகி, சாட்ஸ்வர்த், டர்பன், தென்னாப்பிரிக்கா)

பதில்: தாத்தா சொன்னது பாதி சரி, தங்கச்சி. மைனா இந்தியப் பறவைதான், ஆனால் கூண்டில் வளர்த்தவை 1902 வாக்கில் டர்பனில் தப்பிப் பறந்து பெருகியதாகத்தான் சொல்கிறார்கள். நம்மவர்கள் முதல் கப்பலில் வந்து இறங்கியதோ 1860-இல். காக்கை இன்னும் பின்னால், 1970களில், கப்பல்களில் தொற்றிக்கொண்டு வந்து குடியேறியது.

ஒட்ட வெட்டிய புல்தரை, கூரை இடுக்கு, மூடாத குப்பைத்தொட்டி, இவ்வளவு இருந்தால் மைனா, காக்கை இரண்டுக்கும் போதும். முகத்துவாரம் அப்படியில்லை. கடல் வற்றும்போது சேறு வெளியே தெரியும், அதில் நண்டும் புழுவும் தேடி நீள்கால் பறவைகள் இறங்கும், மணல்திட்டில் கூழைக்கடா உட்கார்ந்திருக்கும், நாணலில் தூக்கணாங்குருவி கூடு கட்டும், பக்கத்திலேயே பீச்வுட் அலையாத்திக் காட்டுக்குக் குளிர்காலத்தில் மட்டும் ஒரு மீன்கொத்தி வந்து தங்கும். ஒரே நடையில் நாலு வித இடம், நாலு வித இரை. அதுதான் காரணம்.

உங்கள் பக்கத்திலேயே சில்வர்கிளென் காப்புக்காடு இருக்கிறதே! நம் ஓடைப் பள்ளத்தாக்குகளில் மிச்சமிருக்கும் காட்டுத்துண்டுகள் வழியாகத்தான் பறவைகள் நகருக்குள் நடமாடுகின்றன. கொண்டைக் கழுகுகூட டர்பனுக்குள் கூடு கட்டி, ஹடீடா குஞ்சுகளைப் பிடித்துப் போய்த் தன் குஞ்சுக்கு ஊட்டுகிறது. அந்தப் பள்ளத்தாக்கில் கட்டட இடிபாட்டைக் கொட்டுவதைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். நீங்கள் புல்தரையில் ஒரு மூலையை வெட்டாமல் விடுங்கள். அப்புறம், நம் கல்யாண முருங்கைக்கு உறவான இந்த ஊர்ப் பவள மரம் (coral tree) ஒன்று உண்டு, குளிர்காலக் கடைசியில் சிவப்பாகப் பூக்கும். அதையும் ஒரு காட்டு வாழையையும் வையுங்கள், தேன்சிட்டு தேடி வரும்.

கேள்வி: வெண்கழுத்து நாரை தினமும் வாசலுக்கு வருகிறது. இறைச்சி போடலாமா? (வாசகர், ஃபீனிக்ஸ்)

பதில்: வேண்டாம், ஐயா. தவளை, நண்டு, பூச்சி தின்று வளர்கிற பறவை அது. நீங்கள் போடும் பொலோனி (பதப்படுத்திய இறைச்சி) துண்டைக் குஞ்சுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கும். தோட்டத்தில் பூச்சிமருந்து தெளிக்காமல் இருங்கள், அதற்கு வேண்டியதை அதுவே பொறுக்கிக்கொள்ளும்.