காரைக்குடிப் பக்கம் ஏசி மெக்கானிக் ஆக ஐடிஐ படிக்க வேண்டுமா, மூன்று மாதக் கோர்ஸ் போதுமா?

பத்தாவது முடித்த அக்கா மகனை இரண்டு வருட ஐடிஐயில் போடுவதா, மூன்று மாதத்தில் வேலை உறுதி என்று போஸ்டர் ஒட்டியிருக்கும் இடத்தில் சேர்ப்பதா என்று கேட்டிருக்கிறீர்கள். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான் என்று சுற்றி ஏசி மாட்டுவதும் பழுது பார்ப்பதும்தான் என் பிழைப்பு. என் ஓட்டு ஐடிஐக்கு.

மூன்று மாதத்தில், ஏசியைக் குளிரவைக்கும் கேஸை அடிக்கப் பழகலாம். குளிரவில்லை என்றதும் "கேஸ் போயிருச்சு சார்" என்று அடித்துவிட்டுக் காசு வாங்குகிற ஆட்கள் ஏற்கெனவே ஊரில் நிறைய. கேஸ் தீர்ந்துபோகிற பொருளே இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கும். குறைந்தால் எங்கோ கசிகிறது. அந்த இடத்தைத் தேடி, பிரேசிங் (டார்ச் நெருப்பில் உலோகம் உருக்கி ஒட்டுவது) வைத்து, நைட்ரஜன் ஏற்றிக் கசிவு சோதித்து, குழாய்க்குள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வாக்குவம் இழுத்து, தராசில் எடை பார்த்து நிரப்ப வேண்டும். இப்போது ஏசியில் வருகிற ஆர்-32 என்ற கேஸ் லேசாகத் தீப்பற்றும். ஆர்-290 புரொப்பேனேதான், சமையல் கேஸுக்குப் பங்காளி. தீப்பற்றாத பழைய ஆர்-22 கேஸ் மெஷினில் பழகிய அலட்சியத்தோடு இவற்றில் டார்ச் வைத்தால் உயிருக்கே உலை.

பாதி வேலை கரண்ட் வேலை என்பதையும் பையனிடம் சொல்லிவிடுங்கள். இன்வெர்ட்டர் ஏசியில் மல்டிமீட்டர் (கரண்டை அளக்கும் கருவி) பிடிக்கத் தெரியாதவன் போர்டு போச்சு என்று மாற்றச் சொல்வான். அவனுக்கு வேறு வழி தெரியாது.

நம்ம ஊரில் இன்னொரு சங்கதி உண்டு. செட்டிநாட்டு வீடுகள் பல இப்போது ஹோட்டலாகிவிட்டன. மற்றவற்றில் பல கல்யாணத்துக்கும், முன்னோரைக் கும்பிடும் படைப்புக்கும் மட்டும் திறக்கின்றன. வருடம் முழுக்கப் பூட்டிக் கிடந்த வீட்டில் ஏசியைப் போட்டால் எலி ஒயரைக் கடித்திருக்கும், அவுட்டோர் போர்டில் பல்லி ஒட்டிச் செத்திருக்கும். அதுவும் முகூர்த்தத்துக்கு முதல் நாள்தான் தெரியவரும்!

ஏசியின் அளவைச் சொல்லும் டன் கணக்கும் இங்கே வேறு. தரைப் பரப்பை மட்டும் பார்த்து ஒரு டன், ஒன்றரை டன் என்று சொல்வது சாதாரண உயர அறைக்குச் சரி. இங்கே கூரை எங்கோ இருக்கும், கதவைத் திறந்தால் வளவு, அதாவது வீட்டு நடுவில் இருக்கும் திறந்த முற்றம். ஒரு டன் என்பது மணிக்கு 12,000 பிடியூ (வெப்பத்தை அளக்கும் அலகு) வெப்பத்தை வெளியேற்றும் திறன். அந்த அறைக்குள் எவ்வளவு வெப்பம் சேருகிறது என்று கணக்குப் போடத் தெரிந்தவன்தான் சரியான மெஷினைச் சொல்ல முடியும்.

சுவர் இன்னும் கஷ்டம். "ஐயா காலத்துச் சுவர் தம்பி, ஆணி அடிக்கவே யோசிப்போம்" என்பார்கள் ஆச்சிமார். நியாயம்தான். சுண்ணாம்புப் பூச்சில் சுத்தியல் போட்டு ஓட்டை போட்டால் சுற்றிலும் பொரிந்துவிடும், வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் கட்டிங் மெஷின்தான் வேண்டும். ஏசித் தண்ணீர் வெளியேறும் ட்ரெயின் பைப்புக்குச் சரிவு குறைந்தால் தண்ணீர் சுவரில் இறங்கும். அதை மறைக்க மேலே சிமெண்ட் பூசினால் ஈரம் உள்ளேயே தங்கி, பக்கத்துப் பூச்சையும் தள்ளிவிடும். இப்படிப் பழைய சுவரைக் கையாளும் பக்குவம் சிலபஸில் கிடைப்பது அபூர்வம். நல்ல மேஸ்திரி கூட இரண்டு வீடு வேலை பார்த்தால் வரும்.

ஐடிஐயில் கேட்க வேண்டிய பிரிவு ரெஃப்ரிஜரேஷன் அண்ட் ஏர் கண்டிஷனிங் டெக்னீஷியன். இரண்டு வருடம், பத்தாவது பாஸ் போதும். எல்லா ஐடிஐயிலும் இந்தப் பிரிவு இருக்காது, விண்ணப்பிக்கும்போதே பட்டியலைப் பாருங்கள். அரசு ஐடிஐயில் கல்விக் கட்டணம் இல்லை, மாத உதவித்தொகையும் உண்டு. முடித்ததும் அப்ரண்டிஸ் (கம்பெனியில் உதவித்தொகையோடு தொழில் பழகுவது) போகாமல் விட்டுவிடாதீர்கள். அந்தச் சான்றிதழுக்குப் பெரிய கம்பெனிகளில் மதிப்பு இருக்கிறது. மேலே படிக்க ஆசைப்பட்டால் பாலிடெக்னிக்கில் நேராக இரண்டாம் ஆண்டில் சேரலாம்.

பணம் கட்டிப் படிக்கும் தனியார் இடம் என்றால் முதலில் ஒர்க்‌ஷாப்பைக் காட்டச் சொல்லுங்கள். பையன்களே கழற்றி மாட்டிய மெஷின்கள் கிடக்க வேண்டும். சுவரில் படம் மட்டும் தொங்கினால் வந்த வழியே திரும்பிவிடுங்கள்.

இன்னும் முடிவு பண்ணவில்லை என்றால் இந்த லீவில் தெரிந்த மெக்கானிக் யாரிடமாவது ஹெல்பராக விடுங்கள். பங்குனி, சித்திரையில் எங்கள் எல்லோருக்கும் ஆள் பற்றாக்குறைதான், வேண்டாம் என்று யாரும் சொல்லமாட்டோம். மத்தியான வெயிலில் அவுட்டோர் யூனிட்டை மாடிக்குத் தூக்கிப் பார்க்கட்டும். இந்த வேலை ஒத்துவருமா என்று அவனே சொல்லிவிடுவான்.