பாதை இல்லாத மலை உச்சிக்குப் பணம் கட்டலாமா?

கேள்வி: மேற்குத் தொடர்ச்சி மலையில் சோலைக்காடு மூடிய ஒரு சிகரத்துக்கு இரண்டு நாள் மலையேற்றம் என்று ஒரு குழு அறிவித்தது. வழக்கமான பாதையை விட்டுவிட்டுப் புதருக்குள் வழி உண்டாக்கிக்கொண்டு போவதுதான் சிறப்பு என்கிறார்கள். கட்டணம் 4,500 ரூபாய். 2,000 முன்பணம் கொடுத்துவிட்டேன். அனுமதி பற்றிக் கேட்டால், "அதெல்லாம் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்" என்பதோடு சரி. முன்பணம் எக்காரணத்துக்கும் திரும்பக் கிடையாதாம். மீதியைக் கட்டலாமா?
— ஒரு வாசகி, திருப்பூர்

பதில்: கட்டாதீர்கள். அனுமதிக் கடிதத்தின் நகல் உங்கள் கைக்கு வரும்வரை ஒரு ரூபாய்கூட அனுப்ப வேண்டாம்.

காப்புக்காட்டில் வனத்துறை தரும் அனுமதி, குறிப்பிட்ட பாதைக்கும் குறிப்பிட்ட நாளுக்கும்தான். அந்தப் பாதையை விட்டு விலகினால், டிக்கெட் வைத்திருப்பவரும் அத்துமீறி நுழைந்தவர்தான். தமிழ்நாடு வனச் சட்டம், 1882 அதைக் குற்றமாகவே பார்க்கிறது. சரணாலயமாகவோ புலிகள் காப்பகமாகவோ இருந்தால் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972-உம் சேர்ந்துகொள்ளும். வழக்கு வந்தால் அமைப்பாளர் மீது மட்டும் வராது. நடந்து போன உங்கள் மீதும் வரும்.

2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் காட்டுத்தீயில் சிக்கி மலையேறச் சென்றவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மலையேற்றத்தை ஒழுங்குபடுத்தத் தமிழக அரசு தனி விதிகள் கொண்டுவந்தது அதன் பிறகுதான். கோடையில் தீ அபாயக் காலத்தில் பாதைகளை மூடுவதும் இதனால்தான். "கூட்டம் இருக்காது, அதனால் மார்ச்சில் போகலாம்" என்று எந்தக் குழு அழைத்தாலும் மறுத்துவிடுங்கள்.

நகல் வந்தால் அதில் பாதையின் பெயர், தேதி, ஆட்களின் எண்ணிக்கை, வனச்சரகம் ஆகியவை இருக்கின்றனவா என்று பாருங்கள். பிறகு அந்த வனச்சரக அலுவலகத்துக்கு நீங்களே பேசி உறுதிசெய்துகொள்ளுங்கள். ஒழுங்காக நடத்துகிறவர்கள் இதற்குக் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

அமைப்பாளரிடம் இன்னொன்றும் கேளுங்கள்: இறங்குவது எந்த வழியாக, யார் கூட்டிவருவார்? ஏறும்போது எந்த முகட்டைப் பிடித்தாலும் அது மேலே போய் உச்சியில் சேரும். மேடு எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் நடந்தால் போதும். இறங்கும்போது அதே முகடுகள் விரல் விரித்தாற்போலப் பிரிகின்றன. தொடக்கத்தில் பத்தடி தவறினால், ஒரு மணி நேரத்தில் வேறொரு பள்ளத்தாக்கில் நிற்பீர்கள். மரங்கள் மூடிய உச்சியில் கீழே எதுவும் தெரியாது என்பதால், தவறியதும் உடனே புரியாது. லாந்தானா என்ற முள்செடியும் மூங்கில் இனமான ஈத்தைப் புதரும் மண்டிய சரிவில் ஒரு கிலோமீட்டருக்கே வெகுநேரம் பிடிக்கும், அதற்குள் இருட்டிவிடும். அந்தக் காட்டிலேயே வாழும் பழங்குடி வழிகாட்டி உடன் வருகிறாரா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். நகரத்திலிருந்து வரும் "டிரெக் லீடர்" எத்தனை மலை ஏறியிருந்தாலும் அவருக்கு ஈடாக மாட்டார்.

இனி முன்பணம். அனுமதி இல்லை என்பதை மறைத்துப் பணம் வாங்குவது, நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி சேவைக் குறைபாடு. முக்கியமான தகவலை வேண்டுமென்றே மறைப்பதையும் அந்தச் சட்டம் குறைபாட்டில் சேர்த்திருக்கிறது. "பணம் திரும்பத் தரப்படாது" என்று ஒரு வரி எழுதிவிட்டதால் அந்தப் பொறுப்பு நீங்கிவிடாது. விளம்பரத்தையும் உரையாடல்களையும் பணம் செலுத்திய விவரத்தையும் சேமித்து வைத்துக்கொண்டு, அனுமதி நகல் அல்லது முன்பணம், இரண்டில் ஒன்றைக் கேட்டு எழுத்தில் அனுப்புங்கள். பதில் வராவிட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணை அழையுங்கள். அதற்கும் மசியாவிட்டால் திருப்பூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் செய்யலாம்; குழு எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் அலைய வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரையிலான தொகைக்குப் புகார்க் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுகளுக்குள் செய்துவிட வேண்டும்.

அடர்ந்த காட்டில் நடக்கும் ஆசை உங்களுக்கு இருப்பது நல்லதுதான். 2024 அக்டோபரில் அரசே 40 பாதைகளை இணைய முன்பதிவுக்குத் திறந்தது. வனத்துறை பயிற்சி கொடுத்த உள்ளூர் வழிகாட்டிகள் உடன் வருவார்கள். அங்கிருந்து தொடங்குங்கள்.

கேள்வி: மழைக்காட்டில் நடக்க, தண்ணீர் புகாத ஷூ 9,000 ரூபாய்க்கு வாங்கச் சொல்கிறார் கடைக்காரர். தேவையா?
— ஒரு வாசகர், நாகர்கோவில்

பதில்: தேவையில்லை என்பேன். ஓடையைக் கடக்கும்போதும் ஈரப்புல்லில் நடக்கும்போதும் தண்ணீர் மேல்விளிம்பு வழியாகத்தான் உள்ளே வரும். வந்த தண்ணீரை அந்த ஷூ வெளியேவும் விடாது. நாள் முழுக்க கால் ஊறும். சீக்கிரம் வடிந்து உலரும் சாதாரண ஷூவே நம் காடுகளுக்குப் பொருத்தம். பணத்தை அடிப்பாகத்துக்குக் கொடுங்கள்: ஆழமான பள்ளங்கள் கொண்ட ரப்பர். கால் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில், நடக்கும்போது அணியப்போகும் காலுறையோடு போட்டுப் பாருங்கள். இறக்கத்தில் கால் முன்னே சரியும். விரல் நுனி இடிக்காத அளவு இடம் வேண்டும்.

மிச்சப் பணத்தில் அட்டை ஏறாத காலுறை ஒரு ஜோடி வாங்கிவிடுங்கள். முழங்கால் வரை வரும், நெருக்கமாக நெய்த துணியாக இருக்க வேண்டும். பின்னல் காலுறையின் கண்களுக்குள் அட்டை நுழைந்துவிடும். நீளமாக இருக்கிறது என்று கால்பந்துக் காலுறையைத் தலையில் கட்டுகிற கடைகளும் உண்டு.

கேள்வி: சிக்னல் இல்லாத காட்டில் உதவி கேட்க, செயற்கைக்கோள் மூலம் செய்தி அனுப்பும் கருவியை அமெரிக்காவிலிருந்து தம்பி கொண்டுவருகிறான். வாங்கிக்கொள்ளலாமா?
— ஒரு வாசகர், மதுரை

பதில்: வேண்டாம் என்று இன்றே சொல்லிவிடுங்கள். தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி இல்லாமல் துராயா, இரிடியம் ஆகிய செயற்கைக்கோள் வலையமைப்புகளில் இயங்கும் கருவிகளை இந்தியாவில் வைத்திருப்பது குற்றம். அமெரிக்க மலையேறிகள் விரும்பி வாங்கும் கார்மின் இன்ரீச் என்ற செய்திக் கருவி வேலை செய்வது இரிடியம் வழியாகத்தான். இப்படிப்பட்ட கருவியைப் பையில் வைத்திருந்த வெளிநாட்டுப் பயணிகள் இங்கே விமான நிலையங்களில் பிடிபட்டிருக்கிறார்கள்.

உங்கள் கைப்பேசியின் ஜிபிஎஸ் சிக்னல் இல்லாமலும் வேலை செய்யும். வரைபடத்தை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். போகும் பாதையையும் திரும்பும் நேரத்தையும் எழுதி வீட்டில் ஒன்று, வனச்சரக அலுவலகத்தில் ஒன்று கொடுத்துவிட்டுக் கிளம்புங்கள்.