கல்லூரியில் தொழ ஓர் இடம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

சென்னையில் ஓர் அரசுக் கலைக் கல்லூரியில் ஆசிரியராக இருக்கிறேன். மதிய இடைவேளையில் தொழுவதற்கு ஓர் அறை வேண்டும் என்று சில மாணவிகள் முதல்வரிடம் மனு கொடுத்தார்கள். உடனே இன்னொரு கூட்டம் வந்து, அப்படியானால் எங்களுக்கு ஒரு பிள்ளையார் வேண்டும் என்றது. இதைப் பேசி முடிக்கப் போட்ட குழுவில் நானும் இருக்கிறேன். அரசு நிறுவனத்துக்குள் மதமே வேண்டாம் என்பது என் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? பெயரை வெளியிட வேண்டாம்.

அன்புள்ள நண்பருக்கு,

மதமே இல்லாத அரசுக் கல்லூரியை நான் பார்த்ததில்லை. ஆயுத பூஜைக்கு ஆய்வுக்கூடத்தில் சந்தனம் குங்குமம் வைத்து, வாசலில் பூசணிக்காய் உடைக்கிறார்கள். கார்த்திகை பிறந்தால் மாலை போட்ட பையன் கறுப்பு வேட்டியும் தாடியுமாக, செருப்பில்லாமல் வகுப்புக்கு வருகிறான். கண்டிப்பான பேராசிரியர்கூட அவனை 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். இதற்கெல்லாம் யாரும் மனு கொடுக்கவில்லை, குழுவும் போடவில்லை. எனக்கு அதில் புகார் இல்லை. கேட்காமலே எல்லாம் பெறுகிறவர்கள் பக்கத்தில் நின்றுகொண்டு, கேட்கிறவர்களிடம் மட்டும் 'மதம் வேண்டாம்' என்று சொல்வதில்தான் சங்கடம்.

அரசியலமைப்பின் 28-ஆவது பிரிவு, முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் கல்வி நிறுவனத்தில் மதபோதனை கூடாது என்கிறது. ஒரு மாணவி ஒதுங்கி நின்று தொழுவது போதனை ஆகாது. அறை கொடுத்தே தீர வேண்டும் என்றும் அது சொல்லவில்லை. ஆகவே இதைக் கல்லூரி தன் புத்தியைக் கொண்டுதான் தீர்க்க வேண்டும். 2007-ல் அமெரிக்காவில், மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் டியர்பார்ன் வளாகத்தில், முஸ்லிம் மாணவர்கள் தொழுகைக்கு முன் கை கழுவும் தொட்டியில் கால் கழுவி, தரையெல்லாம் ஈரமாகிக்கொண்டிருந்தது. நிர்வாகம் சுமார் 25,000 டாலர் செலவில் கால் கழுவத் தனித் தொட்டி வைக்க முடிவு செய்தது. பெரிய சர்ச்சை ஆனது. வழுக்கி விழாமல் இருக்க, யாரும் பயன்படுத்தலாம் என்பதுதான் நிர்வாகத்தின் பதில். எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

மனு கொடுத்தவர்கள் மாணவிகள் என்பதைக் கவனித்தீர்களா? மாநிலக் கல்லூரியில் படிக்கும் பையன் வெள்ளிக்கிழமை திருவல்லிக்கேணி வாலாஜா பள்ளிவாசலுக்கு நடந்தே போய்விடலாம். நம் ஊரில் பல பள்ளிவாசல்களில் பெண்கள் தொழ இடமே கிடையாது, வீட்டில் தொழுதுகொள்வார்கள். செங்கல்பட்டிலிருந்து காலையில் மின்சார ரயில் பிடித்து வரும் பெண்ணுக்கு மதியம் வீடு எங்கே? நூலக அலமாரிக்குப் பின்னால் துப்பட்டாவை விரிக்க வேண்டியதுதான். அப்புறம், லுஹர் எனப்படும் மதியத் தொழுகைக்கு பன்னிரண்டேகாலிலிருந்து ஏறக்குறைய மூன்றரை வரை அவகாசம் உண்டு. பத்து நிமிஷம் போதும். வகுப்பைக் கெடுக்கத் தேவையே இல்லை.

பையன்களுக்குச் சிக்கல் ஜும்ஆ எனப்படும் வெள்ளிக்கிழமை மதியத் தொழுகைதான். அது ஜமாஅத்தோடு, அதாவது பலர் சேர்ந்து, தொழுவது, நேரத்தை மாற்ற முடியாது. இரண்டு ஷிப்ட் நடக்கும் கல்லூரிகளில் அந்த நேரம் ஏதாவதொரு ஷிப்டின் வகுப்பில் போய் இடிக்கும். வருகைப்பதிவில் ஒரு மணி நேரம் குறைந்துகொண்டே போய், செமஸ்டர் முடிவில் தேர்வுக்கூடச் சீட்டு கேட்டு அலைவார்கள். இதற்கு அறை உதவாது, கால அட்டவணையைத்தான் திருத்த வேண்டும். குழுவில் முதலில் இதைப் பேசுங்கள்.

அறை கொடுப்பதென்றால் சாவி அலுவலகத்தில் இருக்கட்டும். எந்த மாணவர் அமைப்பின் கையிலும் கொடுக்காதீர்கள். கொடுத்தால் ஆறே மாதத்தில் வாசலில் பெயர்ப்பலகை தொங்கும், யார் தொழலாம், எப்படி உடுத்திக்கொண்டு வரலாம் என்று அவர்கள் தீர்மானிப்பார்கள். மாணவிகளுக்கு முதல் தொல்லை அங்கிருந்துதான் வரும். சிலை, படம், பலகை எதுவும் நிரந்தரமாக இருக்கக் கூடாது. கொண்டுவந்ததை எடுத்துக்கொண்டு போக வேண்டும். ஜெபம் பண்ணுகிறவர், தியானம் செய்கிறவர், தலைவலிக்குச் சற்றுக் கண்ணை மூடி உட்கார நினைக்கும் நாத்திகர், யாரும் வரலாம். பிள்ளையார் கேட்ட மாணவர்களையும் இந்த அறைக்கே கூப்பிடுங்கள். சிலை நிறுவ மட்டும் முடியாது என்று சொல்லிவிடுங்கள்.

அப்படிச் சொல்வதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது. அரசு அலுவலகங்களில் சாமி படங்கள் வேண்டாம் என்று 1968-லேயே அண்ணா ஆட்சி சுற்றறிக்கை அனுப்பியிருக்கிறது. உங்கள் குழு கூடும் அறையில் சரஸ்வதி படம் மாட்டியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். மாணவர்கள் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.