ஒரே கிளப்புக்கு 770 ஆட்டங்களுக்கு மேல்: டீன் லூயிங்டன் பற்றிய கேள்வி பதில்

போன வாரம் ஒருவர், "இங்கிலாந்து கால்பந்து லீக்கில் ஒரே கிளப்புக்காக அதிக லீக் ஆட்டங்கள் ஆடியவர் யார்? மான்செஸ்டர் யுனைடெட்டின் ரயன் கிக்ஸ்தானே?" என்று கேட்டிருந்தார். இல்லை, டீன் லூயிங்டன் என்று ஒரே வரியில் பதில் எழுதினேன். அதன்பின் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. மூன்றாம், நான்காம் நிலை லீக்குகளைப் பல வருடங்களாக விடாமல் பார்த்துவருபவன் நான். தெரிந்ததை ஒன்றன்பின் ஒன்றாகச் சொல்கிறேன்.

கேள்வி: இந்தப் பெயரையே கேள்விப்பட்டதில்லை அண்ணா. யார் இவர்?

கேள்விப்படாததில் ஆச்சரியமில்லை தம்பி. முதல் நிலையான பிரீமியர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாதவர். 1984 மே மாதம் லண்டன் பக்கத்துக் கிங்ஸ்டனில் பிறந்தார். அப்பா ரே லூயிங்டன் செல்சி, ஃபுல்ஹாம் அணிகளுக்கு ஆடியவர். பிறகு ராய் ஹாட்ஜ்சன் இங்கிலாந்து மேனேஜராக இருந்தபோது அவருக்குத் துணையாக இருந்தார். மகன் இடது காலால் ஆடும் லெஃப்ட் பேக், அதாவது இடது பக்கத் தடுப்பாட்டக்காரர். விம்பிள்டன் கிளப்பின் இளைஞர் அணியில் வளர்ந்து, 2003இல் சீனியர் அணிக்கு வந்தார். அந்தக் கிளப் மில்டன் கீன்ஸுக்குப் போனது, இவரும் கூடவே போனார். 2025இல் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தார். வேறு கிளப்புக்கு விற்கப்படவில்லை, லோனில், அதாவது தற்காலிகமாக இரவல் கொடுப்பது போலக்கூட, எங்கும் அனுப்பப்படவில்லை.

2023 டிசம்பரில், 39 வயதில், எம்.கே. டான்ஸ் (மில்டன் கீன்ஸ் போனபின் கிளப்புக்கு வந்த பெயர்) அணிக்காகத் தன் 771ஆவது லீக் ஆட்டத்தை ஆடினார். ஸ்விண்டன் டவுனின் ஜான் ட்ரோலப் 1980இல் விட்டுச்சென்ற 770 என்ற எண்ணை அன்று தாண்டினார். கோப்பைப் போட்டிகளையும் சேர்த்தால் 900க்கு மேல் வரும்.

கேள்வி: "கிளப் மில்டன் கீன்ஸுக்குப் போனது" என்று சாதாரணமாகச் சொல்லிவிட்டீர்கள். ஊரையே விட்டு ஒரு கிளப் எப்படிப் போகும்?

நியாயமான கேள்வி. இதைச் சொல்லாமல் லூயிங்டன் கதையைச் சொல்ல முடியாது.

விம்பிள்டன் தெற்கு லண்டனைச் சேர்ந்த கிளப். 1988இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டத்தில் லிவர்பூலை 1-0 என்று வென்ற அணி. 1991இல் சொந்த மைதானமான ப்ளவ் லேனை விட்டுவிட்டு, கிரிஸ்டல் பேலஸின் செல்ஹர்ஸ்ட் பார்க்கில் ஒண்டுக்குடித்தனம் இருந்தது. பணக் கஷ்டம் ஏறிக்கொண்டே போனது. சுமார் 90 கிலோமீட்டர் வடக்கே இருக்கும் மில்டன் கீன்ஸ், 1967இல் திட்டமிட்டு உருவாக்கத் தொடங்கிய புது நகரம். அங்கே லீக் அணி கிடையாது. உரிமையாளர்கள் கிளப்பை அங்கே கொண்டுபோக அனுமதி கேட்டார்கள். மூன்று பேர் கொண்ட குழு ஒன்று 2002 மே மாதம், இரண்டுக்கு ஒன்று என்ற வாக்கில் சம்மதித்தது.

ரசிகர்கள் கொதித்துப்போனார்கள். சில வாரங்களுக்குள் ஏ.எஃப்.சி. விம்பிள்டன் என்று தாங்களே ஒரு புதுக் கிளப்பைத் தொடங்கி, விம்பிள்டன் காமன் புல்வெளியில் யார் வேண்டுமானாலும் வந்து ஆடிக் காட்டலாம் என்று ஆள் தேர்வு நடத்தினார்கள். ஒன்பதாவது நிலையில் ஆரம்பித்த அந்த அணி, 2011இல் ஃபுட்பால் லீக்குக்கே வந்து சேர்ந்தது. எனக்குத் தெரிந்தவரை கால்பந்து ரசிகர்கள் செய்த காரியங்களில் இதைவிடப் பெரியது குறைவு.

பழைய கிளப் 2003 செப்டம்பரில் மில்டன் கீன்ஸில் ஒரு ஹாக்கி மைதானத்தில் ஆடத் தொடங்கியது. 2004இல் பெயரையும் மாற்றி எம்.கே. டான்ஸ் ஆனது. அப்போது லூயிங்டனுக்கு 20 வயது. மொத்த நாடும் வெறுத்த ஒரு அணியின் சட்டையில்தான் அவருடைய வாழ்க்கை தொடங்கியது. முடிவெடுத்த அறையில் அவர் இல்லை. அந்தக் கோபத்தை அவர்மேல் யாராவது காட்டினால் எனக்கு இன்றும் மனசு கேட்பதில்லை.

கேள்வி: அப்படியானால் விம்பிள்டனுக்கு ஆடியதும் அந்தச் சாதனைக் கணக்கில் சேருமா?

சேராது. விம்பிள்டனின் பழைய கோப்பைகளும் வரலாறும் எங்களுடையவை அல்ல என்று எம்.கே. டான்ஸ் பின்னாளில் ஒப்புக்கொண்டு, 2007இல் அவற்றை விம்பிள்டன் இருக்கும் மெர்ட்டன் பகுதிக்கே கொடுத்துவிட்டது. ஆகவே எம்.கே. டான்ஸின் கணக்கு 2004இலிருந்துதான். விம்பிள்டன் பெயரில் அவர் ஆடிய ஆட்டங்களை ஒதுக்கிவைத்த பிறகும் 771 வந்தது என்பதைக் கவனியுங்கள்.

கேள்வி: சார், நான் ஜான் ட்ரோலப் பக்கம். 60களின் சேற்று மைதானத்தில் ஆடிய 770க்கு முன்னால் இன்றைய பஞ்சு மெத்தைப் புல்வெளி எம்மாத்திரம்?

ட்ரோலப் பற்றிப் பேச ஆள் கிடைத்ததே சந்தோஷம் சார். அவரும் லெஃப்ட் பேக்தான். ஸ்விண்டனுக்குப் பக்கத்திலேயே இருக்கும் ராட்டன் என்ற ஊரில் பிறந்து, 1960இல் 17 வயதில் அணிக்குள் வந்தார். 1961 ஏப்ரல் முதல் 1968 ஆகஸ்ட் வரை தொடர்ச்சியாக 368 ஆட்டங்கள், ஒன்றுகூட விடாமல். அந்தக் காலத்தில் 1965 வரை மாற்று ஆட்டக்காரர் என்ற ஏற்பாடே லீக்கில் கிடையாது. அடிபட்டாலும் நொண்டிக்கொண்டே ஆட வேண்டியதுதான்.

அவருடைய பெரிய நாள் 1969 மார்ச் 15. மூன்றாம் டிவிஷனில் இருந்த ஸ்விண்டன், வெம்ப்ளியில் லீக் கோப்பை இறுதி ஆட்டத்தில் ஆர்சனலை எக்ஸ்ட்ரா டைமில் 3-1 என்று வென்றது. முந்தைய நாட்களில் குதிரைக் கண்காட்சி நடத்தி மைதானமே உழுத வயல் மாதிரி ஆகியிருந்தது. கடைசி இரண்டு கோல்களை அடித்த டான் ராஜர்ஸை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். பின்னால் 120 நிமிடம் அந்தச் சேற்றில் கால் புதையப் புதைய நின்றவர்களில் ட்ரோலப்பும் ஒருவர்.

ஆனால் ஒன்று யோசித்துப் பாருங்கள். ட்ரோலப் தொடங்கியபோது ஒரு ஆட்டக்காரருக்கு வாரத்துக்கு 20 பவுண்டுக்கு மேல் எந்தக் கிளப்பும் தரக் கூடாது. அந்த உச்சவரம்பு 1961 ஜனவரியில்தான் போனது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஆட்டக்காரரைப் போக விடாமல் கிளப் பிடித்துவைத்துக்கொள்ளலாம். ஜார்ஜ் ஈஸ்தம் நியூகாசிலை எதிர்த்து வழக்குப் போட்டு, 1963இல் தீர்ப்பு வந்தபின்தான் அந்தப் பிடி தளர்ந்தது. அதாவது ஒரே கிளப்பில் கிடப்பது அன்றைய வழக்கம். ட்ரோலப் அதைப் பெருமையோடு செய்தார்.

லூயிங்டன் காலம் வேறு. 1995இன் போஸ்மன் தீர்ப்புக்குப் பிறகு ஒப்பந்தம் முடிந்ததும் யாரும் சும்மாவே கிளம்பலாம். கீழ் லீக்குகளில் பெரும்பாலும் ஒரு வருடம், இரண்டு வருடம் என்றுதான் கையெழுத்து. ஒவ்வொரு மே மாதமும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று கிளப் பட்டியல் போடும். அத்தனை மே மாதங்களிலும் அவர் பெயர் சரியான பக்கத்தில் இருந்தது, அவரும் இருக்கச் சம்மதித்தார். மேனேஜர்கள் வந்து வந்து போனார்கள். புது மேனேஜர் வந்தால் முதலில் வயசான டிஃபெண்டரைத்தான் கழிப்பார். இவரை யாரும் கழிக்கவில்லை. மைதானம் என்று பார்த்தால் ட்ரோலப்புக்குத்தான் என் ஓட்டு. நிலைத்து நின்றதற்கு லூயிங்டனுக்கு.

கேள்வி: நல்ல ஆட்டக்காரர் என்றால் ஏதாவது பெரிய கிளப் கொத்திக்கொண்டு போயிருக்காதா? கீழேயே இருந்துவிட்டாரே?

கீழேயே என்று சொல்வதைவிட மேலும் கீழுமாக என்று சொல்லுங்கள். அவர் இருந்த காலத்தில் அணி மூன்று முறை மேல் நிலைக்கு ஏறியது: 2008, 2015, 2019. ஐந்து முறை கீழ் நிலைக்கு இறங்கியது: 2004, 2006, 2016, 2018, 2023. 2015இல் ஏறியபோது இரண்டாம் நிலையான சாம்பியன்ஷிப்பில் ஒரு சீசன் ஆடினார். அடுத்த வருடமே திரும்ப வந்துவிட்டார்கள். மேல் நிலைக்கு ஏறக் கடைசி இடத்துக்காக நடக்கும் பிளே-ஆஃப் ஆட்டங்களின் தோல்விகளை எண்ணினால் இன்னும் நீளும். 2024இல் க்ராலியிடம் இரண்டு ஆட்டங்களும் சேர்த்து 8-1 என்று தோற்றபோது அவருக்கு 40 நெருங்கிக்கொண்டிருந்தது.

பெரிய கிளப்புகள் ஓட்டத்தையும் உயரத்தையும் முதலில் பார்க்கும். லூயிங்டன் மின்னல் வேகக்காரர் இல்லை. அவரிடம் இருந்தது இடது காலின் துல்லியமும், எங்கே நிற்க வேண்டும் என்ற அறிவும். மூன்றாம் நிலையில் வாரா வாரம் அணிக்குத் தூணாக நிற்பதும் முழு வாழ்க்கைதான். இங்கிலாந்தில் 92 கிளப்புகள் முதல் நான்கு நிலைகளில் இருக்கின்றன, அவற்றில் 20 மட்டும்தான் பிரீமியர் லீக். மீதி 72 ஊர்களிலும் சனிக்கிழமை மூன்று மணிக்கு மக்கள் வந்து உட்கார்ந்து பார்ப்பது இவரைப் போன்றவர்களைத்தான்.

கேள்வி: எங்கள் டீமில் ஆடத் தெரியாதவனைத்தான் லெஃப்ட் பேக்கில் நிறுத்துவோம்! நாற்பது வயசு வரை அங்கே எப்படி ஓடினார்?

ஆடத் தெரியாதவனை அங்கே நிறுத்தினால் எதிரணியின் ரைட் விங்கர் அன்றைக்கே கண்டுபிடித்துவிடுவாரே! இயல்பாகவே இடது காலால் ஆடும் டிஃபெண்டர்கள் குறைவு. அதுவே அவருக்குப் பாதிப் பாதுகாப்பு.

மீதிப் பாதி, இடம் மாறிக்கொண்டது. இளவயதில் கோடு நெடுக ஏறி கிராஸ் போடுபவராக இருந்தார். கார்னர், ஃப்ரீ கிக் எல்லாம் இவர் காலில்தான். வயசு ஏறியபின் மூன்று டிஃபெண்டர்கள் ஆடும் அமைப்பில் இடது பக்க சென்டர் பேக்காக உள்ளே வந்துவிட்டார். அங்கே ஓட வேண்டிய தூரம் குறைவு, பார்த்துப் படிக்க வேண்டியது அதிகம். ரஸ்ஸல் மார்ட்டின் மேனேஜராக இருந்தபோது அணி பந்தை விடாமல் வைத்துக்கொண்டே ஆடியது. 2021இல் கில்லிங்ஹாமுக்கு எதிராக 56 பாஸ்களுக்குப் பிறகு ஒரு கோல் அடித்தார்கள். அந்த மாதிரி ஆட்டத்தில், நிதானமான இடது காலோடு பின்னாலிருந்து பந்தை நகர்த்தத் தெரிந்தவருக்கு வயசு ஒரு பொருட்டே இல்லை.

அப்புறம் பெரிய காயங்கள் அவரை வருடக்கணக்கில் முடக்கிப்போடவில்லை. லீக்கில் மட்டும் ஒரு சீசனுக்கு 46 ஆட்டங்கள். பல வாரங்களில் சனிக்கிழமை ஒன்று, செவ்வாய் இரவு ஒன்று.

கேள்வி: சம்பளம் எப்படி? ஓய்வுக்குப் பிறகு உட்கார்ந்து சாப்பிடலாமா?

அவருடைய சம்பளத்தைப் பற்றி நான் பேசப்போவதில்லை, அது அவர் விஷயம். பொதுவாகச் சொன்னால், நான்காம் நிலையில் ஆடுபவர்களில் பெரும்பாலானோர் முப்பத்தைந்து வயதுக்குப் பிறகு வேறு வேலை தேடித்தான் ஆக வேண்டும். அடிப்படைச் சம்பளத்தோடு, களமிறங்கினால் கொஞ்சம், ஜெயித்தால் கொஞ்சம் என்று ஒப்பந்தத்தில் சேர்ப்பதுண்டு. காயம் பட்டு உட்கார்ந்தால் அதெல்லாம் போயிற்று. ஆட்டக்காரர்களின் சங்கம் 1907இலிருந்து இருப்பதும், ஆடும்போதே படிக்க அவர்களுக்கு உதவுவதும் இதனால்தான்.

கேள்வி: அவர் ஆடியதில் ஒரே ஒரு ஆட்டம் பார்க்க வேண்டுமென்றால்?

எல்லோரும் 2014 ஆகஸ்ட் 26ஐச் சொல்வார்கள். லீக் கோப்பையில் லூயி வான் கால் மேனேஜராக இருந்த மான்செஸ்டர் யுனைடெட்டை எம்.கே. டான்ஸ் 4-0 என்று நொறுக்கியது. வில் கிரிக் இரண்டு, பெனிக் அஃபோபே இரண்டு. நடுவில் 18 வயது டெலே அல்லி. இடது பக்கம் லூயிங்டன். அவசியம் பாருங்கள்.

என் மனசில் நிற்பது வேறு ஆட்டம். 2012 டிசம்பர் 2, எஃப்.ஏ. கோப்பை. எம்.கே. டான்ஸும் ஏ.எஃப்.சி. விம்பிள்டனும் முதல் முறையாக மோதிய நாள். ஒரு பக்கம், தங்கள் கிளப்பைப் பறிகொடுத்தவர்கள். எதிரே, அந்தக் கிளப்பின் இளைஞர் அணியிலேயே வளர்ந்த லூயிங்டன். இன்ஜுரி டைமில் ஜான் ஒட்செமோபர் குதிகாலால் தட்டி 2-1 என்று முடித்தார். அவரும் ஒரு டிஃபெண்டர்தான்.

கேள்வி: கிரஹாம் அலெக்சாண்டரை விட்டுவிட்டீர்களே ஐயா! ஆயிரம் ஆட்டம் தாண்டியவர்.

விடவில்லை ஐயா. ஸ்கன்தார்ப், லூட்டன், பிரஸ்டன், பர்ன்லி, மறுபடி ஸ்கன்தார்ப் என்று ஆடியவர். ரைட் பேக்காக ஆரம்பித்து, பர்ன்லியில் நடுக்களத்துக்கு வந்து, 37 வயதில்தான் பிரீமியர் லீக்கில் முதல் ஆட்டம். ஸ்காட்லாந்துக்கு 40 ஆட்டங்கள். பெனால்டி அடிப்பதில் அவரை நம்பித் தூங்கலாம். நான்கு கிளப்புகளில் சேர்த்த ஆயிரம் அது, ஆகவே இந்தச் சாதனையில் வராது.

இருவர் கதையும் ஓரிடத்தில் சேர்கிறது. 2023 மே மாதம் எம்.கே. டான்ஸ் மேனேஜராக வந்தவர் இந்த அலெக்சாண்டர்தான். பயிற்சி மைதானத்தில் ஆயிரம் தாண்டியவரும் தொள்ளாயிரத்தை நெருங்கியவரும் ஒன்றாக நின்ற அந்த நாட்கள் அக்டோபரோடு முடிந்துவிட்டன. அலெக்சாண்டரை நீக்கிவிட்டார்கள். லூயிங்டன் சாதனையைத் தொட்டபோது அவர் பிராட்ஃபர்ட் சிட்டியில் இருந்தார்.

கேள்வி: லூயிங்டன் மேனேஜர் ஆவாரா?

ஆட்டக்காரராக இருந்தபோதே இடைக்காலப் பொறுப்பு பார்த்திருக்கிறார். 2021 ஆகஸ்டில், சீசன் தொடங்கும் நேரத்தில் ரஸ்ஸல் மார்ட்டின் ஸ்வான்சீக்குக் கிளம்பிவிட்டார். முதல் லீக் ஆட்டத்துக்கு அணியைத் தயார்செய்தது லூயிங்டன்தான். நெருக்கடி வந்தால் கிளப் முதலில் திரும்பிப் பார்க்கும் ஆளாக அவர் இருந்தார்.

கேள்வி: இந்தச் சாதனையை இனி யாராவது முறியடிக்க முடியுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 17 வயதில் அணிக்குள் வந்து, ஒரு ஆட்டமும் விடாமல், ஒரு சிவப்பு அட்டையும் வாங்காமல், வருடத்துக்கு 46 வீதம் 17 சீசன் ஆடினால் 782. லூயிங்டன் சாதனையை முறியடித்த பிறகும் அடுத்த சீசன் முடியும்வரை கிளப்பில் இருந்தார், ஆகவே அதுவும் போதாது. இன்று 17 வயதில் ஒரு நல்ல இடது கால் டிஃபெண்டர் தென்பட்டால், 19க்குள் மேல் லீக் கிளப் ஒன்று வாங்கிவிடும். வாங்கி, லோனில் மூன்று ஊர் அனுப்பும்.