சட்டம் கேளுங்கள்: 61-ஆம் நாள் காலையில் என்ன செய்ய வேண்டும்?

என் மைத்துனர் அடிதடி வழக்கில் சிறையில் இருக்கிறார். 60 நாளில் குற்றப்பத்திரிகை வராவிட்டால் தானாகவே ஜாமீன் கிடைத்துவிடும் என்கிறார்கள். உண்மையா?
– வாசகர், தேனி

பாதிதான் உண்மை. கெடு முடிந்ததும் உரிமை பிறந்துவிடும். ஆனால் மனுப் போட்டுக் கேட்டால்தான் ஜாமீன்.

பி.என்.எஸ்.எஸ். (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த சட்டம்) 187(3)-இன்படி, மரண தண்டனை, ஆயுள் தண்டனை, 10 ஆண்டு அல்லது அதற்கு மேல் தண்டனைக்குரிய குற்றங்களுக்குக் கெடு 90 நாள். மற்றவற்றுக்கு 60 நாள். எனவே முதலில் எப்.ஐ.ஆரில் உள்ள பிரிவுகளை வக்கீலிடம் காட்டி, எந்தக் கெடு என்று உறுதி செய்துகொள்ளுங்கள். கணக்கு கைதான நாளிலிருந்து அல்ல, மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க உத்தரவிட்ட) நாளிலிருந்து தொடங்கும். அந்த நாளும் கணக்கில் சேரும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. மார்ச் 1-இல் ரிமாண்ட் என்றால் ஏப்ரல் 29 அறுபதாவது நாள். ஏப்ரல் 30 காலை நீதிமன்றம் திறக்கும்போதே மனு கையில் இருக்க வேண்டும்.

அவசரத்துக்குக் காரணம் உண்டு. மனுவுக்கு முன்பே போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்துவிட்டால் இந்த உரிமை போய்விடும். மனு முந்திவிட்டால், பிறகு வரும் குற்றப்பத்திரிகையால் அதை அழிக்க முடியாது. சென்னையில் நடந்த ஒரு போதைப்பொருள் வழக்கில் கெடு 180 நாள். அது முடிந்த மறுநாள் காலை 10.30-க்கு மனுப் போட்டார்கள். மனு மீது விசாரணை நடந்துகொண்டிருக்கையில் மாலை 4.25-க்கு அரசுத் தரப்பு, குற்றப்பத்திரிகை போன்ற கூடுதல் புகாரைத் தாக்கல் செய்தது. ஜாமீன் கொடுத்தே ஆக வேண்டும் என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

பலர் கோட்டை விடுவது அடுத்த கட்டத்தில். ஜாமீன் உத்தரவு வந்தும், நீதிமன்றம் கொடுத்த அவகாசத்துக்குள் ஜாமீன்தாரர்களை நிறுத்தாமல் விட்டு, அதற்குள் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் கிடைத்ததும் கைநழுவும். ஜாமீன்தாரர்களையும் அவர்களுடைய ஆவணங்களையும் ஒரு வாரம் முன்பே தயார் செய்துவிடுங்கள். பணம் கட்டச் சொன்னால் மறுக்கலாம். உங்கள் தேனி மாவட்ட வழக்கு ஒன்றில்தான், இவ்வகை ஜாமீனுக்கு 8 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும் என்ற நிபந்தனையை 2020-இல் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது.

குற்றம் செய்தவன் என்று தெரிந்தே ஒரு வக்கீல் வாதாடுவது தர்மமா?
– வாசகி, கோவை

தர்மம் மட்டுமல்ல, கடமை. குற்றவாளியா இல்லையா என்ற தன் சொந்தக் கருத்தைப் பாராமல் வாதாட வேண்டும் என்று இந்திய பார் கவுன்சில் விதியே சொல்கிறது. போதிய சாட்சியம் இல்லாமல் எவரும் தண்டிக்கப்படக்கூடாது என்பதுதான் அடிப்படை. சாட்சியை எடைபோடுவது நீதிபதியின் வேலை. வக்கீலே தீர்ப்பெழுதிவிட்டால் அங்கே விசாரணை என்று எதுவும் மிஞ்சாது.

இதற்கு எல்லையும் உண்டு. கட்சிக்காரர் உண்மையை வக்கீலிடம் சொல்லிவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். அரசுத் தரப்புச் சாட்சியை வக்கீல் குறுக்கு விசாரணை செய்யலாம். மருத்துவ அறிக்கைக்கும் சாட்சியத்துக்கும் உள்ள முரணைக் காட்டலாம். பொய் என்று தெரிந்த சாட்சியைக் கூண்டில் ஏற்றக்கூடாது. அரசு வழக்கறிஞருக்கும் இதே கண்டிப்பு: குற்றம் சாட்டப்பட்டவருக்குச் சாதகமான ஆவணத்தை மறைத்து அவர் தண்டனை வாங்கக்கூடாது.

உங்கள் ஊரிலேயே ஒருமுறை, வக்கீல்களுடன் ஏற்பட்ட மோதலுக்குப் பின் குறிப்பிட்ட போலீஸாருக்காக யாரும் வாதாடக்கூடாது என்று வழக்கறிஞர் சங்கம் தீர்மானம் போட்டது. அத்தகைய தீர்மானங்கள் வக்கீல் வைத்துக்கொள்ளும் உரிமையைத் தரும் அரசியல் சட்டப் பிரிவு 22(1)-க்கு விரோதம், செல்லாது என்று உச்ச நீதிமன்றம் 2010-இல் அறிவித்தது. கொடூரமான குற்றம் நடந்த ஊர்களில் இன்றும் இப்படித் தீர்மானம் போடுகிறார்கள். கோபம் புரிகிறது, ஆனால் அது தவறு.

போலீஸில் 'ஒப்புக்கொண்டார்' என்று பேப்பரில் வருகிறது. பிறகு எப்படி விடுதலை ஆகிறார்கள்?
– வாசகர், விழுப்புரம்

போலீஸிடம் கொடுத்த ஒப்புதல் வாக்குமூலம் சாட்சியமாகாது (பாரதிய சாக்ஷிய அதினியம் என்ற சாட்சியச் சட்டம், பிரிவு 23). அடித்து வாங்கிய வாக்குமூலத்தில் நிரபராதி மாட்டிவிடக்கூடாது என்பதற்காக வைத்த தடை இது. ஒரே விதிவிலக்கு: "கத்தியால் குத்தினேன், அதைக் கிணற்றடியில் புதைத்தேன்" என்று சொல்லி, அதன்படி கத்தி கிடைத்தால், புதைத்த இடத்தைச் சொன்ன பகுதி மட்டும் செல்லும். குத்தினேன் என்பது செல்லாது. பலரும் வந்துபோகும் இடத்தில் பொருள் கிடைத்தாலோ, மகஜர் சாட்சி (பொருளைக் கைப்பற்றியபோது கையெழுத்திட்டவர்) பிறழ்ந்தாலோ அந்தப் பகுதியும் வலுவிழக்கும்.

மாஜிஸ்திரேட் முன் கொடுப்பது வேறு. இது உனக்கு எதிராகப் பயன்படும் என்று அவர் எச்சரித்த பிறகே பதிவு செய்ய வேண்டும். விருப்பமில்லை என்று சொன்னால், மறுபடி போலீஸ் காவலுக்கு அனுப்பக்கூடாது.

வக்கீல் வைக்க வசதியில்லை.
– வாசகி, அரியலூர்

இலவச சட்ட உதவிக்கு 15100-ஐ அழையுங்கள், அல்லது மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு நேரில் போங்கள். பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமான வரம்பு கிடையாது. வருமானச் சான்று கேட்டு அலைய வேண்டியதில்லை.